ஏழே கால் வெளிச்சம்

காரி பாவ்லியில் இருமல்தான் முதலில் வரவேற்கும்.
மிளகாய் யாரிடமும் ஊர் கேட்பதில்லை.
கடைக்காரர், மூட்டை தூக்குபவர், லத்தியோடு ஒரு காவலர்,
தொப்பி போட்ட இரண்டு ஜெர்மானியர்கள், நான்,
எல்லோரும் ஒரே மொழியில் இருமினோம்.

நேற்றும் வந்திருந்தேன்.
எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து
நீள லென்ஸில் நாற்பது படம்.
ஒருவருக்கும் தெரியாது.
இரவு பஹாட்கஞ்ச் அறையில்
ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பதினேழாவதில் ஒரு பையன் மூக்கு நோண்டுகிறான்.
இருபத்தாறில் ஒரு பெண்
முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்,
மிளகாயா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.
எவ்வளவு இயல்பு என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
ஒட்டுக்கேட்டவனும் அதைத்தான் சொல்வான்:
எவ்வளவு இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்!

அழித்தேன்.
எல்லாவற்றையும் அல்ல.
நான்கை வைத்துக்கொண்டேன்.

இன்று கீழே இறங்கி வந்தேன்.
அந்தப் பழைய சந்தைக் கட்டடத்தில்
இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழைந்து
மூன்றாம் படியில் வந்து உட்காரும்
ஏழே கால் மணி வெளிச்சம்.
அதில் ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு
அதன் மேலேயே சாய்ந்திருந்தார்.
பாதி மூடிய கண்.
இமை முடியெல்லாம் சிவப்புத் தூள்.
இரண்டு நாள் ரயிலேறி வந்தது
இந்த முகத்துக்குத்தான்.

கை தானாக எழுந்தது.
அதை இறக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.
கிட்டப் போய், என் ஓட்டை இந்தியில்,
"போட்டோ?" என்றேன்.

பார்த்தார்.
"ஏக் மினிட், மேடம்" என்று மாடியேறிப் போய்விட்டார்.

வெளிச்சம் காத்திருக்கவில்லை.
நான்காம் படி. ஐந்தாம் படி.
கைப்பிடிச் சுவரில் கொஞ்சம்.
பிறகு அதுவும் இல்லை.
ஒரு டீ குடித்தேன். இன்னொன்றும்.

வந்தார்.
தண்ணீர் தொட்டு வாரிய தலை,
கழுத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர்,
மடிப்பு கலையாத வெளிர்நீலச் சட்டை,
மேல் பட்டன் வரை பூட்டியிருந்தது.
இமைகள் சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தன.

ஒரு மசாலாக் கடை முன்னால் போய் நின்றார்.
பலகை முழுதாக வரட்டும் என்று கையால் காட்டினார்.
அது அவருடைய கடையல்ல.
கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்தார்,
புரிந்துகொண்டார்,
குனிந்து ஏலக்காய் அளக்கத் தொடங்கினார்,
அளந்ததையே மறுபடி அளந்தார்.

கைகளைத் தொடையோடு ஒட்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் நம்ம ஆள்.
"கொஞ்சம் முன்னே இருந்த மாதிரி..."
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
நல்லவேளை, இருமல் முந்திக்கொண்டது.

எடுத்தேன். மூன்று.
இரண்டில் கண் மூடியிருந்தார்.
மூன்றாவதைத் திரையில் காட்டினேன்.
அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
ஓரங்களைப் பார்த்தார்.
மூட்டை ஒன்றும் வரவில்லை என்று உறுதியானதும்
பெயர் சொன்னார்: லக்கன் ஸதா, ககரியா ஜில்லா.
மகளுடைய எண்ணைச் சொன்னார்,
ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு முறை.

சட்டையைக் கழற்றி
பழைய மடிப்புகளின் மேலேயே மடித்து
டீக்கடைக்காரரிடம் கொடுத்தார்.
சற்று நேரத்தில்
"வழி, வழி" என்று ஒரு மூட்டை படியேறியது.
கீழே இரண்டு கால்கள்.
சுவரோடு ஒட்டி நின்றேன்.
நானும் அளக்க ஏதாவது தேடினேன்.
லென்ஸ் மூடிதான் இருந்தது,
திருகிக்கொண்டே இருந்தேன்.

நிஜாமுதீனில் வண்டி கிளம்பியதும் படத்தை அனுப்பினேன்.
வெளிச்சம் தட்டையாக இருந்தது.
போட்டிக்கெல்லாம் அனுப்ப முடியாத படம்.
ஜான்சி தாண்டும்போது இரண்டு டிக்கும் நீலமாயின.
பதில் வரவில்லை.
அந்த நான்கு படமும் இன்னும் அட்டையில் இருக்கின்றன.
இருமல், இட்டார்சி வரை கூடவே வந்தது.